அந்தக் கேள்வியை அதட்டி அடக்காதீர்கள்

மதிப்பிற்குரிய விருதுநகர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

சூலக்கரையிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். என் மகன் நான்காம் வகுப்புப் படிக்கிறான். பிறந்ததிலிருந்தே அவனுக்கு மூளை முடக்குவாதம். சுவரைப் பிடித்துத்தான் நடப்பான்.

மூன்றாம் வகுப்பின் முதல் நாள், பக்கத்தில் இருந்த பிள்ளை கேட்டிருக்கிறான்: “டீச்சர், இவன் ஏன் இப்படி நடக்கான்?” டீச்சர் அதட்டியிருக்கிறார்: “அப்படியெல்லாம் கேக்கக் கூடாது. பாவம்ல!” நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அன்று ராத்திரி என் மகன் கேட்டான்: “நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?”

டீச்சரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பஸ்ஸில் குழந்தைகள் அவன் காலைக் காட்டிக் கேட்டபோதெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியவள் நான்.

இரக்கத்துக்கும் நம்மிடம் ‘பாவம்’தான், செய்த தீவினைக்கும் ‘பாவம்’தான். இரக்கப்பட்டு நாம் சொல்வது பிள்ளையின் காதில் குற்றமாக விழுகிறது. 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் பேச வந்த ஒருவர், முற்பிறவிப் பாவத்தால்தான் உடற்குறையோடு பிறக்கிறார்கள் என்றார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே அதை எதிர்த்தார். பேசியவர் பிறகு கைது செய்யப்பட்டார். அப்படி எதிர்த்து நிற்க எல்லா வகுப்பிலும் ஆள் இருக்காது. உண்மைக் காரணத்தை நாம் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அந்தப் பேச்சு குடியேறுகிறது.

எங்களுக்கு வழி காட்டியவர் வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியர். “என்ன சொல்லணும்னு அவன்கிட்டயே கேளுங்க” என்றார். என் மகனே வகுப்பில் சொன்னான்: “மூளை சொல்றது என் காலுக்கு லேட்டாத்தான் கேக்கும். இது யாருக்கும் ஒட்டாது. ஓட முடியாது, கேரம் ஆடுவேன்.” அடுத்து வந்த கேள்வி, “செவப்புக் காய் போடுவியா?”

நம் மாவட்டத்தில் இப்படி வெளிப்படையாகப் பேசுவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பட்டாசு விபத்தில் விரல் இழந்த பிள்ளையிடம், தீத்தழும்போடு வரும் பிள்ளையிடம், “எப்படி ஆச்சு?” என்று கேட்பது அந்த நாளையே திரும்பக் கூப்பிடுவது. சொல்ல விருப்பமில்லை என்றால் அந்தப் பிள்ளை சொல்ல வேண்டியதில்லை. கேட்ட பிள்ளையை அதட்டவும் வேண்டாம். “காயம்பட்டு ஆறிடுச்சு. மத்ததை அவளுக்குத் தோணும்போது சொல்லுவா” என்று ஆசிரியர் சொன்னால் போதும். எவ்வளவு சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் உரிமை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பள்ளி அளவிலேயே இவைபற்றிய புரிதலை உண்டாக்கும் பொறுப்பை அதன் 39ஆம் பிரிவு அரசுக்குத் தருகிறது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், பெற்றோர் மூவரும் பிள்ளையோடு உட்கார்ந்து, வகுப்பில் எதைச் சொல்வது, யார் சொல்வது என்று பேசி முடிக்கட்டும். குறுவள மையக் கூட்டங்களில் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கி, பிள்ளைகள் உண்மையில் கேட்கும் கேள்விகளுக்கு ஆசிரியர்கள் பதில் சொல்லிப் பழகட்டும். இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. தங்கள் சுற்றறிக்கை ஒன்று வந்தால் போதும்.

“நான் என்ன தப்புப் பண்ணேன்” என்று இன்னொரு பிள்ளை இந்த மாவட்டத்தில் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு நான்காம் வகுப்பு மாணவனின் தாய்,
சூலக்கரை.