தொட்டிலைப் பாராத தாய்

சென்ற திங்கள் நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கதை சொல்லும் முறை நமக்கு வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துக் களைத்திருந்த பிள்ளைகளுக்கு, நாம் இளமையில் பாட்டியாரிடம் கேட்ட கீரிப்பிள்ளைக் கதையைச் சொன்னோம். கதை முடிந்ததும் பிள்ளைகள் 'ஐயோ பாவம்' என்றனர். ஒரு சிறுமி மட்டும் வாளாவிருந்தாள். சற்றுக் கழித்து, "அந்த அம்மா ஏன் முதலில் தொட்டிலைப் போய்ப் பார்க்கவில்லை?" என்று கேட்டாள். ஆத்திரத்தில் அறிவு மங்கிவிட்டது என்று ஏதோ விடை கூறி வகுப்பை முடித்துவிட்டோம். அவ்விடை அவளுக்கும் நிறைவு தரவில்லை. நமக்கும் நிறைவு தரவில்லை. ஆதலின் அக்கேள்வியையே இத்திங்கள் எடுத்துக்கொண்டோம்.

கதை நேயர்கள் அறிந்ததே. ஓர் அந்தணன் மனைவி தன் ஒரே மகனோடு ஒரு கீரிக் குட்டியையும் வளர்த்து வந்தாள். ஒருநாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளுமாறு கணவனிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் முகக்கச் சென்றாள். அவனோ வீட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டான். அவ்வேளையில் ஒரு கருநாகம் தொட்டிலை நோக்கி வந்தது. கீரி அதனோடு போராடித் துண்டு துண்டாகக் கடித்து எறிந்தது. பிறகு, தான் செய்த காரியத்தைத் தாயிடம் காட்டும் ஆவலோடு, குருதி தோய்ந்த வாயுடன் வாயிலுக்கு ஓடி வந்தது. அவள் அந்த வாயைக் கண்டாள். குழந்தையைக் கொன்று தின்றுவிட்டது என்று துணிந்து, நீர்க்குடத்தை அதன்மேல் எறிந்து கொன்றாள். உள்ளே சென்று பார்த்தபோது குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாம்பு கிடந்தது.

பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் வருவது இக்கதை. ஆராயாமல் செய்யும் செயலால் விளையும் கேடுகளைச் சொல்வதே அப்பகுதியின் நோக்கம். இந்நூல் முதலிலிருந்தே வெறும் பிள்ளை விளையாட்டாக எழுதப்பட்டதன்று. அமரசக்தி என்னும் அரசனுடைய மூன்று மக்களும் கல்வியில் நாட்டமின்றித் திரிந்தனர் என்றும், விஷ்ணுசர்மர் என்னும் முதியவர் ஆறே திங்களில் அவர்களுக்கு அரசியல் நெறியைப் புகட்ட இக்கதைகளைச் சொன்னார் என்றும் நூல் தொடங்குகிறது. நாளை அரியணையில் அமர்ந்து, ஒரு சொல்லால் ஓர் உயிரை வாங்கக்கூடியவர்களுக்காகச் சொன்ன கதை இது. கேட்டவர்கள் பிள்ளைகள், கருதப்பட்டவர்கள் பெரியவர்கள்.

சிறுமியின் கேள்விக்கு வருவோம். நாம் வகுப்பில் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று வடமொழி நூலில் இருக்கிறது. அத்தாய் கீரிக்குத் தன் பாலையே ஊட்டினாள். எண்ணெய் தேய்த்து நீராட்டினாள். ஆயினும் அதனை நம்பவில்லை. இயல்பிலேயே கொடிய பிராணி, என்றேனும் பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடும் என்ற எண்ணம் அவள் உள்ளத்தில் உறைந்து கிடந்தது. கணவனிடம் குழந்தையைக் காக்கச் சொன்னாளே, எதனிடமிருந்து காக்கச் சொன்னாள்? பாம்பிடமிருந்து அன்று, கீரியிடமிருந்துதான்!

இதனை உணர்ந்தபின் கதையின் பொருளே மாறிவிடுகிறது. அவள் அந்தக் கணத்தில் அவசரப்பட்டாள் என்பது மேலோட்டமான உண்மை. தீர்ப்பு நெடுநாளுக்கு முன்பே எழுதி முடிந்திருந்தது. சான்று ஒன்றுதான் வரவேண்டியிருந்தது. குருதி தோய்ந்த வாய் அந்தச் சான்றாக வந்தது. முன்னமே விடை தெரிந்தவள் தொட்டிலைப் போய்ப் பார்ப்பாளோ? பாராமைக்குக் காரணம் இதுவே. 'பதறாதே' என்பது சிறுவர்க்கு இக்கதை கூறும் அறிவுரை. 'பதறுவதற்கு முன்பே நீ எதை நம்பிக்கொண்டிருந்தாய்?' என்பது பெரியவர்களை அது கேட்கும் கேள்வி.

இக்கேள்வி எல்லா நாட்டாருக்கும் உரியது என்பதற்கு இக்கதை சென்ற வழியே சான்று. கி.பி. 6ஆம் நூற்றாண்டில், பாரசீக மன்னர் குஸ்ரு அனுஷிர்வானின் அவையில் இருந்த பர்சோயே என்னும் மருத்துவர் பஞ்சதந்திரத்தைப் பகலவி மொழியில் ஆக்கினார். 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதனை அரபியில் 'கலீலா வ திம்னா' என்று பெயர்த்தார். அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கு வழி பிறந்தது. போகும் இடமெல்லாம் விலங்கு மாறியது. நம் கீரி மேலைநாடுகளில் வேட்டைநாயாயிற்று. பிரான்சு நாட்டில் லியோன் நகரை அடுத்த சிற்றூர் மக்கள், இவ்வாறு தவறாகக் கொல்லப்பட்ட நாய் ஒன்றனைப் புனிதராகவே போற்றி, நோயுற்ற குழந்தைகளை அதன் புதைகுழிக்கு எடுத்துச் சென்றனர். 13ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற எத்தியேன் என்னும் பாதிரியார் சினந்து, எலும்புகளைத் தோண்டி எரிக்கச் செய்தார். அதன் பின்னும் அவ்வழிபாடு பல நூற்றாண்டுகள் நிலைத்தது. வேல்ஸ் நாட்டில் பெத்கெலர்ட் என்னும் ஊரில், ஓநாயிடமிருந்து இளவரசனின் மகவைக் காத்து, அவன் வாளுக்கே இரையான நாயின் கல்லறை என்று ஒன்றை இன்றும் காட்டுகின்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர் விடுதிக்காரர் ஒருவர் அமைத்தது அது என்பர். கல்லறை புதிது, அதன் முன் நின்று கண் கலங்குவோரின் துயரம் பழையது. கீரி நாயாகலாம், பாம்பு ஓநாயாகலாம். தொட்டிலும் குருதியும் மட்டும் மாறவேயில்லை.

தமிழுக்கு இக்கதை வந்த வழியும் நம்போன்றோர் அறியத்தக்கது. சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழ்ப் புலவராயிருந்த தாண்டவராய முதலியார், மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் பெயர்த்து 1826-இல் வெளியிட்டார். அண்டை மொழியின் வாயிலாக வந்த செல்வத்தை நம் பாட்டிமார் தமிழ்ச் செல்வமாகவே நமக்கு வழங்கினர்.

ஆனால் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்னரே கீரிப்பிள்ளை தமிழ் மண்ணில் கால் வைத்துவிட்டது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், மதுரைக்குப் புறத்தே கோவலனைச் சந்திக்கும் மாடலன் என்னும் மறையோன், அவன் முன்பு செய்த அறங்களை எடுத்துரைக்கின்றான். அவற்றுள் ஒன்று இது. கீரியைக் கொன்ற பார்ப்பனியை அவள் கணவன் வெறுத்து, இனி உன் கையால் உண்டு வாழ்தல் தகாது என்று கூறி, வடமொழி எழுதிய ஓர் ஏட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு வடதிசை நோக்கிப் போய்விட்டான். அவளோ அதன் பொருளை அறிந்து உதவுவார் உளரோ என்று பூம்புகாரின் வணிகர் வீதிகளில் வீடு வீடாக அழுது திரிந்தாள். கோவலன் அவளை அழைத்துத் துயர் கேட்டான். பாவம் நீங்கத் தானம் செய்தான். பிரிந்து போன கணவனையும் வரவழைத்து, பொருளும் உதவி, இருவரையும் ஒன்றாக வாழச் செய்தான்.

இங்கே இளங்கோவடிகள் கதையின் முடிவுக்குப் பின்னே போகின்றார். பஞ்சதந்திரம் அத்தாயின் அழுகையோடு நின்றுவிடுகிறது. மறுநாள் அவள் என்ன ஆனாள்? குழந்தையைத் தனியே விட்டு வெளியே போன கணவனுக்கு மனைவியைத் தள்ளிவைக்க என்ன உரிமை? இவற்றை நாம் கேட்பதில்லை. கோவலன் அவளை நோக்கி, 'ஏன் ஆராயவில்லை?' என்று இடித்துரைத்ததாகக் காப்பியம் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியது என்ன என்று பார்த்து அதனைச் செய்தான்.

அத்தகையவனுக்கு நேர்ந்தது என்ன? ஆராயாமல் உயிர் கொன்ற ஒருத்திக்கு வாழ்வளித்தவன், ஆராயாத ஓர் ஆணையால் மதுரையில் வெட்டுண்டான். பாண்டியன் அன்று கோப்பெருந்தேவியின் ஊடலைத் தணிக்கும் நினைவோடு சென்றுகொண்டிருந்தான். பொற்கொல்லன் சொன்ன சொல்லைக் கேட்டவன், சிலம்பைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. உள்ளே முத்தா மாணிக்கமா என்று வினவவில்லை. அந்தத் தாய் தொட்டிலைப் பாராதது போலவே மன்னன் சிலம்பைப் பாரானாயினான். உண்மை தெரிந்தபோது அரியணையிலேயே உயிர் நீத்தான். விஷ்ணுசர்மர் அரசகுமாரர்களுக்கு எச்சரித்தது இதனையேயன்றோ!

இவ்வளவும் எழுதிவிட்டு, நம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றனை மறைத்தல் முறையாகாது. பல ஆண்டுகளுக்கு முன், நாம் இந்நகருக்கு வந்த புதிதில், நம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மலைநாட்டு அம்மையார் ஒருவரை அமர்த்தியிருந்தோம். அவர் பேச்சு நமக்குப் பாதி விளங்கும். நம் இந்தி அவருக்குக் கால்பங்குகூட விளங்காது. ஒருநாள் மாலை வீடு திரும்பியபோது குழந்தையின் மேற்கையில் விரல் தடங்கள் ஐந்தும் சிவந்து கன்றியிருந்தன. குழந்தை அழுதுகொண்டிருந்தது. 'அடித்துவிட்டாள்' என்று துணிந்து, தெரிந்த இந்தியிலும் தெரியாத இந்தியிலும் சுடுசொற்களைக் கொட்டினோம். அவர் ஏதோ சொல்ல முயன்றார், தெருவைச் சுட்டிக்காட்டினார். நாம் கேட்கவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரவு பால் வாங்கச் சென்றபோது கடைக்காரர் சொன்னார்: குழந்தை கையை உதறிக்கொண்டு தெருவுக்கு ஓடிற்றாம், விரைந்து வந்த வண்டிக்கு முன்னிருந்து அந்த அம்மையார் பாய்ந்து பற்றி இழுத்தாராம். காத்த கையின் தடத்தையே அடித்த கையின் தடமாக நாம் கண்டோம். மறுநாள் அவர் குடியிருந்த சந்தைத் தேடிச் சென்றோம். விடியற்காலையிலேயே ஊருக்குப் போய்விட்டார் என்றனர். எந்த ஊர் என்று அங்கு எவருக்கும் தெரியவில்லை. அவருக்குரிய பத்து நாள் கூலி நம் கையிலேயே தங்கிவிட்டது.

அன்று நம்மைச் செலுத்தியது அந்த ஒரு நொடிச் சினந்தானா? அன்று. அவரை அமர்த்திய நாள் முதலே, அயலாள், மொழி தெரியாதவள், எப்படி இருப்பாளோ என்ற ஐயம் நம் உள்ளத்தில் இருந்தது. அவர் கையில் பிள்ளையைக் கொடுத்தோம், நம்பிக்கையைக் கொடுக்கவில்லை. கீரிக்குப் பால் ஊட்டியவளும் அதைத்தான் செய்தாள்.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில் இந்நிலை அரிதன்று. பிள்ளைகளைக் காப்பவர், பக்கத்து வீட்டார், கடைக்காரர், பள்ளி ஆசிரியர் ஆகியோரில் பலர் வேறு மொழியினர். பாதிச் சொல் விளங்கும் இடத்தில் மீதிப் பாதியை நம் அச்சம் இட்டு நிரப்புகிறது. நம்மைப் பற்றி அவர்களும் அவ்வாறே நிரப்பிக்கொள்ளக் கூடும். எச்சரிக்கை வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பாம்புகள் மெய்யாகவே உண்டு, பிள்ளையைக் காப்பது நம் கடமையே. ஆனால் தொட்டில் பத்தடி தொலைவில்தான் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தபின் குடத்தை எறிந்தாலும் காலம் கடந்துவிடாது.

சில பெற்றோர் இக்கதையில் கீரி பிழைத்துக்கொண்டதாக மாற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பிள்ளைகள் வருந்தலாகாது என்ற அன்பே அதற்குக் காரணம். எனினும் அவ்வாறு செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். மீளாத செயல்களும் உலகில் உண்டு என்பதை ஒரு கீரிக்காக அழுது பிள்ளை அறிந்துகொள்வது, பின்னர் ஒரு மனிதருக்காக அழுது அறிவதினும் நன்று.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அச்சிறுமிக்கு இவ்விடையைச் சொல்ல எண்ணியிருக்கிறோம். அந்த அம்மையாரைப் பற்றியும் சொல்வோம். பாட்டியார் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்த நாமே தொட்டிலைப் பார்க்கவில்லை என்பதை அவள் அறிந்துகொள்ளட்டும்.