புற்றுநோய் திரும்பிவிட்டதா, வெறும் தழும்பா? எந்த ஸ்கேன், எப்போது?

ஜவ்வாது மலையின் புதூர்நாட்டிலிருந்து ஒருவர் ஸ்கேனுக்குக் கிளம்பினால், முதலில் திருப்பத்தூருக்கு இறங்கணும். பெட்-சிடி என்றால் அங்கிருந்து வேலூர் சிஎம்சி வரை போகணும். துணைக்கு ஒருவர் வேறு. இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. ஆகவே 'எது பெரிய ஸ்கேன்' என்பது இங்கே பாதிக் கேள்விதான். எப்போது எடுப்பது என்பது மீதிப் பாதி.

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் முடிந்ததும் கழுத்துத் திசு வீங்கும், இறுகும், தழும்பாகும். சிடியும் எம்ஆர்ஐயும் முக்கியமாகக் காட்டுவது உருவத்தை. தழும்பும் கட்டியும் அதில் பல நேரம் ஒரே மாதிரி தெரியும். அங்கதான் சிக்கல்.

பெட்-சிடியில் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்துகிறார்கள். புற்றுசெல்கள் அதை அதிகமாக இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். ஆனால் ஆறாத புண்ணும் இழுக்கும்! அவசரப்பட்டு எடுத்தால் வீண் பயம்தான் மிஞ்சும். அதனால்தான் சிகிச்சை முடிந்து சுமார் 12 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 564 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்குக் கழுத்து அறுவை சிகிச்சை முன்கூட்டியே திட்டமிடப்பட்டது. மறு பிரிவினருக்கு 12-வது வாரம் பெட்-சிடி, தேவைப்பட்டால் மட்டும் கத்தி. அறுவை சிகிச்சைகள் முதல் பிரிவில் 221, இரண்டாவதில் 54. இரண்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முறையே 81.5, 84.9 சதவீதம். ஸ்கேனை நம்பிக் காத்திருந்த பிரிவில் உயிர்பிழைப்பு குறைந்துவிடவில்லை. ஒன்று மட்டும்: அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது எச்பிவி வைரஸ் தொடர்பான தொண்டைப் புற்றுநோய். நம்ம ஊரில் புகையிலையால் கன்னத்திலும் ஈறிலும் வருவதற்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது.

பெட் 'சுத்தம்' என்றால் பெரும்பாலும் நம்பலாம். ஒளிர்ந்தால் பயாப்ஸிதான் முடிவு சொல்லணும். நரம்பு வழியாக மண்டை ஓட்டின் அடிப்பகுதிக்குப் பரவியதா என்று பார்க்க எம்ஆர்ஐ. நுரையீரலுக்கும் தாடை எலும்புக்கும் சிடி.

அந்த ஊசி மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். பெட்-சிடி பெரிய நகரங்களைச் சுற்றியே இருக்க இதுவும் ஒரு காரணம். மலைக்கு அதைக் கொண்டுவர முடியாது, தேதியைக் கொண்டுவரலாம். டிஸ்சார்ஜ் அட்டையிலேயே 12-வது வாரத் தேதியை எழுதிக் கொடுப்பதும், பயணப்படி தருவதும் அரசால் முடியாத காரியமா என்ன?

நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளில். இடையில் ஆறாத புண், குரல் மாற்றம், ஒரு பக்கக் காதுவலி, புதுக் கட்டி என எது வந்தாலும் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காதீங்க. அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் உடனே காட்டுங்க.