சரித்திர மாணாக்கனின் ஒரு நாள்

எம். ஏ. வகுப்பிற் சரித்திரம் பயிலும் மாணாக்கனைக் காண்போர் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பர். "இதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்பது ஒன்று. "வேறு பாடத்தில் இடம் கிடைக்கவில்லையோ?" என்பது மற்றொன்று. வீட்டிற்கு வரும் உறவினரும், ரயிலில் எதிரே அமர்ந்திருப்போரும் இவற்றைக் கேளாது விடுவதில்லை. இவற்றினுங் கடினமான கேள்வியொன்றை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டுமென்பது என் அபிப்பிராயம். சரித்திர மாணாக்கர் எனப் பெயர் தாங்கிய நாம் நாள்தோறும் படிப்பது சரித்திரந்தானா?

என் நாளையே எடுத்துக்கொள்கின்றேன். காலையில் விடுதி உணவு முடிந்ததும் வகுப்பு. ஆசிரியர் கூறுவனவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றோம். பிற்பகலில் நூலகம். அங்கே, மூத்த மாணாக்கர் விட்டுச்சென்ற குறிப்புகளின் நகலை, கைம்மாறிக் கைம்மாறி எழுத்து மங்கிய நிலையில், மனப்பாடஞ் செய்கின்றோம். மாலையில் அரசாங்கத் தேர்வுக்குரிய வினாவிடைப் புத்தகம். இரவில் முன்னாண்டுகளின் வினாத்தாள்கள். நாள் முழுதும் உழைத்த களைப்போடு படுக்கச் செல்கின்றோம். ஆயின், அந்நாளில் ஒரு சாசனத்தையோ, பழங் கடிதத்தையோ, நாட்குறிப்பையோ ஒரு வரியேனும் கண்டோமா எனின், இல்லை. என் முதலாண்டு முழுதும் இவ்வாறே கழிந்தது. இதற்காக எவரையும் யான் குறை கூறவில்லை. வீட்டில் நம் சம்பாத்தியத்தை எதிர்நோக்கியிருப்போர் இருக்க, பரீட்சையை அலட்சியஞ் செய்வது எங்ஙனம்?

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். எங்கள் ஊர்ப் பழைய சிவன் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. வடபுறச் சுவரின் அடியில் வரிவரியாக எழுத்துக்கள் உண்டு. சிறு பிராயத்தில் அவற்றின்மேல் விரல் ஓட்டி விளையாடியிருக்கின்றேன். அன்று அச்சுவரிற் காறை பூசிக்கொண்டிருந்தனர். மேற்பார்வை செய்துகொண்டிருந்த பெரியவர் என்னைக் கண்டு, "தம்பி, நீ சரித்திரத்தில் எம். ஏ. படிக்கிறாயாமே! இதில் என்ன எழுதியிருக்கிறது, சொல். முக்கியமானதென்றால் பூசாமல் விடச் சொல்கிறேன்" என்றார். "ஸ்வஸ்திஸ்ரீ" என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "எதுவாயினும் விட்டுவிடுங்கள், ஐயா" என்றேன். "உனக்கே தெரியாததை எதற்கென்று விடுவது?" என்றார் அவர். மறுநாட் காலையில் இரண்டு வரிகளே எஞ்சியிருந்தன. சோழர் ஆட்சிமுறைத் தாளில் வகுப்பிலேயே முதன்மையாக மதிப்பெண் பெற்றவன் யான்!

கலாசாலைக்குத் திரும்பியதும் நடந்ததை என் ஆசிரியரிடங் கூறினேன். அவர் அச்சிட்ட சாசனத் தொகுதியொன்றை என் கையிற் கொடுத்து, "நாளொன்றுக்குப் பத்து வரி படி" என்று மட்டுங் கூறினார். முதலில் எடுத்தது, பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்கள். கி. பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த இவ்விரண்டும் குடவோலை முறையைக் கூறுவன. வினாவிடைப் புத்தகங்களிலோ, "பண்டைத் தமிழர் குடவோலை வாயிலாக வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தனர்" என்றிருக்கும். யானும் அதையே எழுதி மதிப்பெண் பெற்றேன்.

சாசனம் கூறுவதோ வேறு. அவ்வூர் அந்தணர்க்கு விடப்பட்ட ஊர். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். இது வாக்கெடுப்பன்று, சீட்டெடுப்பு. இரண்டாஞ் சாசனத்தின்படி வயது 35-க்கு மேலும் 70-க்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேத ஞானம் வேண்டும். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அக்குடத்திற் பெயரில்லை. அதே சாசனம், முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவர் நெருங்கிய உறவினரையும் விலக்கிவைக்கின்றது. இக்காலத்தாரும் நாணத்தக்க நெறி இது! பெருமையும் குறையும் ஒரே கல்லில் இருக்கின்றன. குறிப்பேடு பெருமையை மட்டும் பெயர்த்தெடுத்து நம் கையிற் கொடுக்கின்றது.

கடல் கடந்து வந்த அறிஞர் ஒருவரை இவ்விடத்து நினைவு கூர்தல் தகும். ஜப்பான் தேசத்தவராகிய நொபொரு கராஷிமா (1933–2015) தமிழ் கற்று, நம் கோயிற் சுவர்களின் சாசனங்களைச் சொற்சொல்லாக ஆராய்ந்தார். திருச்சிராப்பள்ளிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு சிற்றூர்களின் சாசனங்களை ஒப்பிட்டு, சோழர் காலத்தில் நிலவுரிமை ஊருக்கூர் வேறுபட்டிருந்ததைக் காட்டினார். சோழர் சாசனங்களிற் காணும் ஆட்பெயர்களைச் சுப்பராயலு முதலியோருடன் திரட்டி 1978-இல் வெளியிட்டார். தமிழைப் பிற மொழியாகக் கற்ற அவரால் இயன்றது, தாய்ப்பாலோடு தமிழ் உண்ட நமக்கு இயலாதோ?

சாசனந்தான் வேண்டுமென்பதில்லை. புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு அச்சில் உளது. சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் கம்பெனியார் காலத்து ஏடுகள் காத்திருக்கின்றன. அவ்வளவு தூரஞ் செல்ல இயலாதோர், தம் ஊர்த் தேவாலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டையோ, பாட்டனார் பெட்டியிலுள்ள கிரயப் பத்திரத்தையோ எடுத்துப் படிக்கலாம்.

ஆதலின் யான் வேண்டுவன மூன்று. முதலாவது, மாணாக்கர் ஒவ்வொருவரும் நாளில் ஒரு மணி நேரமேனும் மூல ஆதாரமொன்றைப் படித்தல் வேண்டும். இரண்டாவது, பழைய எழுத்துக்களை வாசிக்கும் பயிற்சி முதற் பருவத்திலேயே அனைவர்க்கும் அளிக்கப்பெறல் வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு வினாத்தாளிலும், முன் பாராத சாசனப் பகுதியொன்றைக் கொடுத்துப் பொருள் கேட்டல் வேண்டும். வினாத்தாள் கேளாததை மாணாக்கன் படியான் என்பதை நாம் அறிவோம்.

"ஒரு மணி நேரம் போனால் உத்தியோகப் பரீட்சை என்னாவது?" எனச் சிலர் வினவக்கூடும். யானும் அப்பரீட்சைக்குப் படிப்பவனே. இப்பொழுதும் அவ்வினாவிடைப் புத்தகம் என் மேசைமேல் இருக்கின்றது. அதனருகே சாசனத் தொகுதியும் இருக்கின்றது. பத்து வரிகளுக்கு இப்பொழுது ஒரு மணி நேரம் ஆகின்றது; தொடக்கத்தில் மூன்று மணி நேரமாயிற்று.

வருகின்ற விடுமுறையில் எஞ்சிய அவ்விரண்டு வரிகளையும் வாசித்து, பெரியவரிடம் பொருள் கூறுவதாக எண்ணியிருக்கின்றேன். போன வரிகள் திரும்பா. ஆயினும் நண்பர்களே, உங்கள் ஊர்ச் சுவர்களில் இன்னும் காறை பூசப்படாத வரிகள் இருக்கக்கூடும். உங்களையும் ஒரு பெரியவர் கேட்பார். அன்று நீங்கள் விடை கூறுதல் வேண்டும்.