சொப்புச் சமையலில் நம் குரல்

நவராத்திரி வந்துவிட்டால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்க இடமிருக்காது. கொலு பொம்மை வாங்கப் போகிற கையோடு குழந்தைக்கு ஒரு மரச் சொப்பு செட்டும் வாங்கி வருகிறோம். (பெண்ணுக்குத்தான் என்றில்லை, பிள்ளைக்கும் வாங்கிக் கொடுங்கள். அவனும் சாப்பிடுகிறவன்தானே!) அதை வைத்துக்கொண்டு குழந்தை என்ன பேசுகிறது என்று என்றைக்காவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா?

எனக்குத் தெரிந்த நாலு வயதுச் சுட்டி ஒன்று, பொம்மைகளுக்கெல்லாம் வரிசையாகக் காப்பி கொடுத்தது. ஒரு பொம்மைக்கு மட்டும் டம்ளரைக் கொல்லைப்புறக் கதவோரம் தனியாக வைத்தது. "இது வேலைக்கு வர ஆயாவோடது. எல்லாத்தோடயும் சேர்த்து வெக்கப்படாது!" என்றது. அதன் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சத்தியமா நாங்க யாரும் சொல்லிக் கொடுக்கலை, மாமி" என்றாள். நிஜம்தான். சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லையே! (மறுநாளே அந்த டம்ளர் மற்றவற்றோடு அலமாரிக்கு வந்துவிட்டது.)

கோலத்தை நாம் யாரிடம் பாடம் கேட்டோம்? பாட்டியோ அம்மாவோ வாசலில் குனிந்து புள்ளி வைக்க, பக்கத்தில் நின்று பார்த்தோம். எண்ணிக்கை மனசில் நின்றது. ஒருநாள் ஆசைப்பட்டு மாவைக் கையில் எடுத்தோம். முதலில் கோணல்மாணலாக வந்தது, அப்புறம் கை பழகிவிட்டது. பார்த்துப் பழகுவதைப் பற்றி ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் ஆல்பர்ட் பாண்டுரா. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்து, 2021-இல் காலமானார்.

1961-இல் அவரும் அவர் குழுவினரும் 72 சிறு குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தள்ளினால் மறுபடி எழுந்து நிற்கும் பெரிய காற்றடைத்த பொம்மை ஒன்று. அதை ஒரு பெரியவர் சுத்தியலால் அடித்து, உதைத்து, திட்டுவதைச் சில குழந்தைகள் பார்த்தன. பிறகு அவையும் அப்படியே அடித்தன; திட்டின வார்த்தைகூட அதேதான்! பொம்மையை அடிப்பதும் மனுஷாளை அடிப்பதும் ஒன்றா என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது அவருடைய 1965-ஆம் வருஷத்துச் சோதனை. இந்த முறை பொம்மையை அடித்தவருக்குத் திட்டும் தண்டனையும் கிடைப்பதைப் படமாகக் காட்டினார். அதைப் பார்த்த குழந்தைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. 'புத்தி வந்துவிட்டது' என்றுதானே நினைப்போம்? "அவர் செய்ததைச் செய்து காட்டினால் பழரசமும் ஒட்டுப்படமும் தருவேன்" என்றதும், மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக அவையும் செய்து காட்டிவிட்டன. அத்தனையும் உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நம் சமையலறைக்கு வாருங்கள். எல்லாருக்கும் பரிமாறி, கடைசியில் அடிப்பாத்திரத்தை வழித்துச் சாப்பிடுகிறோம். பெண் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு அது முதல் பந்தியில் உட்கார்ந்து நெய் கேட்டு அடம்பிடிக்கலாம். கல்யாணமாகிப் போன இடத்தில் உள்ளே இருப்பது வெளியே வரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. காரணங்கள் பல உண்டு. மிச்சம் மீதியில் வயிற்றை நிரப்பிக்கொள்வதும் அவற்றில் ஒன்று. 'நன்னா சாப்பிடும்மா' என்று பெண்ணுக்கு வாயால் சொல்லி என்ன பிரயோஜனம்?

இன்று ராத்திரி தட்டு போடும்போது உங்களுக்கும் ஒன்று சேர்த்துப் போடுங்கள். கீரையும் பருப்பும் முதலிலேயே உங்கள் தட்டிலும் விழட்டும். "ஏம்மா, நீ அப்புறமாத்தானே சாப்பிடுவே?" என்று குழந்தையே கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அது இதுவரை பார்த்தது அதைத்தானே! ஒரு வாரம் பார்த்தால் கேட்பதை நிறுத்திவிடும்.