சன்னலில் வைத்த மெழுகுதிரி



ஆண்டுதோறும் டிசம்பர் 8ஆம் நாளை ஒட்டி, பிரான்சு நாட்டின் லியோன் நகரம் நான்கு இரவுகள் ஒளியில் குளிக்கிறது. பேராலயத்தின் முகப்பிலும் சதுக்கங்களிலும் ஆற்றங்கரையிலும் பல நாட்டுக் கலைஞர்கள் ஒளியாலேயே ஓவியம் தீட்டுகிறார்கள். கட்டணம் ஏதுமில்லை; தெருவில் நடந்துகொண்டே பார்க்கலாம். ஏறக்குறைய இருபது இலட்சம் பேர் வந்து போகிறார்கள். இதே போன்ற ஒளிக்கலை விழாக்கள் சிட்னியில் 2009ஆம் ஆண்டிலும், நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. ஆனால் லியோன் விழாவின் வேர் வேறு. அது நம் அன்னையின் அமல உற்பவப் பெருவிழாவில் பிறந்தது. புதுச்சேரியில் உள்ள நமது ஜென்மராக்கினி மாதா பேராலயமும் அதே அமல உற்பவ அன்னைக்கே அர்ப்பணிக்கப்பட்டது. எனவே அந்த வரலாறு நமக்கும் நெருக்கமானது.

1643ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க்கு அஞ்சிய லியோன் நகரத் தலைவர்கள், தங்கள் நகரை மரியாவின் பாதுகாவலில் ஒப்படைத்தார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1852இல், ஃபூர்வியேர் குன்றின் மேல் அன்னையின் பெரிய சுரூபம் ஒன்றை நிறுவ ஏற்பாடாயிற்று. செப்டம்பர் 8 அன்று திறப்பதாகத் திட்டம். சோன் ஆற்றில் வெள்ளம் வந்ததால் சிலை வேலை தடைப்பட்டு, விழா டிசம்பர் 8க்குத் தள்ளிப்போனது. அன்றும் புயல் மழை! வாணவேடிக்கையைக் கைவிட வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது வானம் தெளிந்தது. யாரும் அறிவிக்காமலே, மக்கள் தங்கள் வீட்டுச் சன்னல்களில் மெழுகுதிரிகளை ஏற்றி வைத்தார்கள். சற்று நேரத்தில் நகரமே சுடர்விட்டது. மக்கள் தெருவில் இறங்கிப் பாடிக்கொண்டே நடந்தார்கள்.

இன்று நகராட்சி நடத்தும் பெருவிழா அந்த ஓர் இரவின் பேரக்குழந்தை. 2015 நவம்பரில் பாரிசில் பயங்கரவாதிகள் 130 பேரைக் கொன்றபோது, லியோன் விழா ரத்தானது. 2020இல் கொரோனாவால் மீண்டும் ரத்தானது. பெரிய விளக்குகளை அணைக்க ஓர் ஆணை போதும். ஆனால் 2015 டிசம்பர் 8 அன்று, இறந்தவர்களின் நினைவாக, வீட்டுச் சன்னல்களில் மெழுகுதிரிகள் எரிந்தன. அவற்றை யாராலும் ரத்து செய்ய முடியவில்லை.

ஆண்டவர் இயேசுவும் ஓர் ஒளி விழாவில் நின்றவர்தான். கூடாரப் பெருவிழாவின்போது எருசலேம் கோவிலில், பெண்கள் முற்றத்தில், மாபெரும் விளக்குத்தண்டுகள் ஏற்றப்படும். அந்த வெளிச்சம் படாத முற்றமே எருசலேமில் இல்லை என்று யூத மரபு சொல்கிறது. அந்தப் பெருவிழாவையொட்டியே, கோவிலில் காணிக்கைப் பெட்டி இருந்த இடத்தில், இயேசு தம்மை உலகின் ஒளி என்று அறிவித்தார் (யோவான் 8:12-20). விழா முடிந்ததும் விளக்குத்தண்டுகள் அணைந்துவிடும். அவரைப் பின்தொடர்பவரோ இருளில் நடப்பதில்லை.

இப்போது நம் பகுதிக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை வானூர், மரக்காணம் மக்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. மறுநாள் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. மின்சாரம் இல்லாத கோவிலில் திருவருகைக்கால வளையத்தின் முதல் திரியை ஏற்றினோம். அந்த வாரம், ஜெனரேட்டர் வரவழைத்து, கோவில் முகப்பில் கட்டியிருந்த சீரியல் பல்புகளையும் மாதா கெபியையும் ஒளிரச் செய்தேன். மக்கள் மனம் தேறட்டும் என்பதே என் எண்ணம். எதிர்த் தெருவில் இருந்த ஒரு பாட்டி வந்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாதாவுக்கு வெளிச்சம் வந்துடுச்சு சாமி. எங்களுக்குத்தான் இன்னும் வரல."

அவர் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஜெனரேட்டரிலிருந்து தெருவுக்கு ஒரு வயர் இழுத்து நாலு விளக்குப் போடவும், பிள்ளைகள் செல்போன்களுக்குச் சார்ஜ் ஏற்றவும் வழி செய்ய வேண்டும் என்று, அவர் சொல்லும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஏற்றிய ஒளி கோவிலைப் பார்த்தபடி இருந்தது. லியோன் மக்கள் 1852இல் ஏற்றிய ஒளி தெருவைப் பார்த்தபடி இருந்தது.

வெளிச்சம் கூடினால் எல்லாம் நன்மையே என்றும் சொல்ல முடியாது. உப்பளத்தில் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் பறிக்கும் என்பதால், விடியுமுன்பே பாத்தியில் இறங்குபவர்கள் அவர்கள். நம் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், கடற்கரை மின்விளக்கைக் கடலின் வெளிச்சம் என்று நம்பி, கரைப்பக்கம் ஊர்ந்து மடிகின்றன. ஆகவே, எந்த விளக்கை ஏற்றும்போதும் அது யாருக்காக எரிகிறது என்று கேட்பது நம் கடமை.

திருவிழா வந்தால் மின் அலங்காரத்தில் பக்கத்து ஊரை மிஞ்ச வேண்டும் என்ற போட்டி நம்மிடையே உண்டு. அலங்காரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்னைக்கு ஒளி சூட்ட விரும்புவது அன்பின் அடையாளம். ஆனால் டிசம்பர் மாதத்தில் உப்பளம் மழைநீரில் மூழ்கிக் கிடக்கிறது, வேலை இல்லை. மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளருக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது நல்ல செயல்தான். எனினும் மூன்று மாதம் அடுப்பெரிய அது போதுமா? பசித்தோருக்கு உணவைப் பகிர்ந்தால்தான் நம் ஒளி விடியலைப்போல் எழும் என்று இறைவாக்கினர் எசாயா 58ஆம் அதிகாரத்தில் நமக்கு உணர்த்துகிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் டிசம்பர் 8 மாலையில், கோவிலின் சீரியல் விளக்குகளை அரை மணி நேரம் அணைத்து வைப்போம். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அகல்விளக்கோ மெழுகுதிரியோ ஏற்றி, தெருவைப் பார்த்தபடி திண்ணையில் வைப்போம். அலங்காரத்திற்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை, வேலை இழந்த குடும்பங்களுக்கு, மதம் பாராமல், சத்தமின்றிக் கொண்டு சேர்ப்போம். அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசி முடிவெடுங்கள்.

மலைப்பொழிவில் ஆண்டவர் தம் சீடர்களை முதலில் உப்பு என்றார், அடுத்து ஒளி என்றார் (மத்தேயு 5:13-16). உப்பு விளையும் மண்ணில் வாழும் நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. உப்பு தனக்காக உப்பாக இருப்பதில்லை. விளக்கும் தனக்காக எரிவதில்லை.

அமல உற்பவ அன்னையே, எங்கள் வீட்டு விளக்கின் ஒளி அடுத்த வீட்டு வாசல்வரை எட்ட எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.