அனுமதிச் சீட்டுக்குள் ஒளிந்திருக்கும் கனிமக் கொள்ளை

மறைமலை நகரிலிருந்து ஒரகடம் வரை எழுந்து நிற்கும் தொழிற்சாலைகள், தொழிலாளர் விடுதிகள், அடுக்குமாடிகள் எல்லாம் ஜல்லியையும் மணலையும் தின்று வளர்ந்தவை. பாலாற்று மணலுக்குக் கெடுபிடி வந்ததும் அந்த இடத்தை எம்-சாண்ட் பிடித்தது. வீடு கட்டும் நாம் யூனிட் என்ன விலை என்று கேட்கிறோம். லோடுக்கு நடைச்சீட்டு இருக்கிறதா என்று கேட்பவர் குறைவு.

அனுமதி பெற்ற குவாரி ஒருபக்கம், திருட்டுக் குவாரி மறுபக்கம் என்றே பலரும் நினைக்கிறார்கள். பல இடங்களில் இரண்டும் ஒரே பள்ளத்தில்தான் இருக்கின்றன. எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பில், எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று குத்தகையில் இருக்கும். வெளியே போகும் ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு வேண்டும். எல்லைக்கல்லைத் தாண்டி வெட்டுவது, ஒரே சீட்டில் பல நடை ஓட்டுவது, சீட்டில் உள்ளதைவிடக் கூடுதலாக ஏற்றுவது எல்லாமே உரிமம் இருப்பதால்தான் எளிதாகிறது. வெடிச் சத்தமும் கிரஷர் புழுதியும் உள்ள தொழிலை உரிமமே இல்லாமல் எத்தனை நாள் மறைக்க முடியும்? அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து, அவர்கள் பெயராலேயே குர்ஆனில் 83ஆம் அத்தியாயம் இருப்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அரசே நடத்தும் ஆற்று மணல் குவாரிகளும் இந்தச் சந்தேகத்துக்குத் தப்பவில்லை. 2023 செப்டம்பரில் சோதனையில் இறங்கிய அமலாக்கத் துறை, ஐஐடி கான்பூர் நிபுணர்களைக் கொண்டு கணக்கெடுத்தது. அரசுக்கு வந்த வருவாய் 36.45 கோடி ரூபாய், எடுக்கப்பட்ட மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய் என்றது. ஒப்பந்ததாரர்கள் மீதான அத்துறையின் நடவடிக்கையை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அது அமலாக்கத் துறையின் அதிகாரம் பற்றிய தீர்ப்பு. மணல் எவ்வளவு போனது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கேள்வி கேட்பவரின் நிலையைப் புதுக்கோட்டை மாவட்டம் காட்டியது. திருமயம் பகுதிக் குவாரிகளின் முறைகேடுகளை எதிர்த்து மனு மேல் மனு கொடுத்துவந்தவர் சகோதரர் ஜகபர் அலி. 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. தொழுதுவிட்டு இருசக்கர வாகனத்தில் திரும்பியவரை லாரி ஏற்றிக் கொன்றார்கள். முதலில் அது விபத்தாகவே பேசப்பட்டது. குடும்பத்தினர் விடாமல் புகார் கொடுத்ததால்தான் கொலை வழக்கானது. குவாரி உரிமையாளர்கள் உள்ளிட்டோர் கைதானார்கள். விசாரணை சிபிசிஐடி வசம் சென்றது. அவர் மனுக்களோடு அலைந்தபோதே ஒரு அதிகாரி அளவு நாடாவோடு அந்தப் பள்ளத்தில் இறங்கியிருந்தால்?

குவாரிகளை ஆண்டுதோறும் டிரோன் மூலம் அளந்து, அனுமதித்த அளவையும் வெட்டிய அளவையும் ஊராட்சிப் பலகையில் எழுதி வைப்பது அரசுக்குப் பெரிய செலவல்ல. மனு கொடுத்தவரின் பெயர் குவாரிக்காரர் காதுக்குப் போகாமல் காப்பது அதைவிட அவசரம். நம் பங்குக்கு, பள்ளிவாசலும் மதரஸாவும் கட்டும் ஜமாஅத்துகள் லோடு இறங்கும்போதே நடைச்சீட்டைக் கேட்டு வாங்கி, பில்லோடு கோத்து வைக்கலாம். முதல் நாள் லாரிக்காரர் முகம் சுளிப்பார். அடுத்த லோடுக்குச் சீட்டோடு வருவார்.