ஸ்கேனில் தெரிவது எதன் மாற்றம்?

எசென்ஷியல் ட்ரெமர் எனும் நடுக்க நோய்க்குக் குவி அல்ட்ராசவுண்ட் சிகிச்சை பெற்றவர்களின் மூளை இணைப்புகளை அளக்கும் கட்டுரைகள் பெருகிவருகின்றன. ஒலி அலைகளின் சூட்டால் தாலமஸின் விம் (Vim) எனும் கருவில் உண்டாவது சில மில்லிமீட்டர் அகலப் புண். ஆனால் சில வாரங்கள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளையிலும் இயக்கப் புறணியிலும், இயக்கத்தோடு நேரடித் தொடர்பில்லாத பகுதிகளிலும்கூட மாற்றம். உடனே ‘வலையமைப்பு மறுசீரமைந்தது, அதனால் நடுக்கம் குறைந்தது’ என்று முடித்துவிடுகிறார்கள். சிகிச்சை மேசையில் நாம் காண்பது இதற்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு வெப்பமூட்டலுக்குப் பிறகும் நோயாளியிடம் அட்டையை நீட்டிச் சுருள் வரையச் சொல்கிறோம். இலக்கு 50 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே கோடு சீராகத் தொடங்குகிறது. அந்தச் சூட்டோடு நிறுத்திவிட்டால் நடுக்கம் திரும்பிவிடும். நிலையான புண்ணுக்கு 55 டிகிரிக்கு மேல் போகவேண்டும். சிறுமூளையிலிருந்து தாலமஸுக்கு வரும் பாதை தடைபட்டாலே போதும், நடுக்கம் அடங்கிவிடுகிறது; மறுசீரமைப்புக்கு அங்கே நேரமே இல்லை. ஆகவே, பிறகு ஸ்கேனில் தெரிவது நிவாரணத்தின் விளைவாக இருக்கலாம். முதல் வாரப் படமென்றால் வெறும் வீக்கமாகவும் இருக்கலாம்.

இது செயலின்போது வரும் நடுக்கம், ஓய்வில் எடுக்கும் ஸ்கேனில் அது இல்லவே இல்லை, பிறகு எப்படி நிவாரணம் படத்தை மாற்றும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இரு கைகளாலும் டம்ளரைப் பிடித்தவர் இப்போது ஒரு கையால் குடிக்கிறார், கையெழுத்துப் போடுகிறார். கையின் புழக்கம் மாறினால் புறணியும் மாறும். ஸ்கேனருக்குள் அசையாமல் படுத்திருக்கும் பத்து நிமிடத்தில் அது மறைந்துவிடாது.

நோயாளி நலமானால் சரி, காரணம் எதுவானால் என்ன என்போருக்கு இந்தச் சிகிச்சை குறித்து 2016இல் வெளியான சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வையே காட்டலாம். கை நடுக்கம் 3 மாதத்தில் 47 சதவீதம் குறைந்தது. ஓராண்டில் அது 40 சதவீதமாகியது. நடைத் தடுமாற்றம் 36 சதவீதத்தினருக்கு வந்தது. ஓராண்டில் 9 சதவீதத்தினருக்கே நீடித்தது. புண் உண்டான பிறகு, மாதக்கணக்கில் நடந்த நகர்வுகள் இவை. இணைப்பு அளவீடு விளக்கவேண்டியது இவற்றைத்தான். முன்-பின் ஒப்பீட்டில் கிடைக்கும் ஒரு p மதிப்பு இதைச் சொல்லாது.

நிவாரணத்தின் விளைவைப் பிரித்தறிய, ப்ரோப்ரனலால் மருந்தில் நடுக்கம் அடங்கியவர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைக்கலாம். புண் இல்லாமலே அதே மாற்றம் தெரிந்தால் விடை கிடைத்தமாதிரிதான் (இதயத் துடிப்பு குறைவதே சமிக்ஞையைக் குழப்பும் என்பதைக் கணக்கில் கொள்ளவேண்டும்). இதைவிட நல்ல வாய்ப்பு, இரு பக்கங்களுக்கும் தனித்தனியாகச் செய்யும் சிகிச்சை. அமெரிக்காவில் 2022இல் அனுமதிக்கப்பட்ட முறையில் இரண்டு சிகிச்சைகளுக்கும் நடுவே குறைந்தது 9 மாத இடைவெளி உண்டு. வீக்கம் வடிந்த, கை புதுப் புழக்கத்துக்குப் பழகிய அந்த நிலையில் எடுக்கும் ஸ்கேன், இரண்டாம் பக்கத்துக்கு அடிப்படை அளவீடாகிறது. அந்தப் படத்தை எடுக்காமல் இரண்டாம் சிகிச்சைக்குப் போகும் மையங்கள் கிடைத்தற்கரிய தரவைக் கைவிடுகின்றன.